பதின்மூன்றாம் எண் மார்பு, ஒன்பதாம் எண் தோள்

நகோயா, மார்ச் 24

அன்புள்ள இகுயோ அக்காவுக்கு,

இங்கே செர்ரி மரங்கள் இன்னும் மொட்டிலேயே நிற்கின்றன. அங்கே தகாஓகாவில் பனி உருகித் தெருவெல்லாம் சேறாக இருக்கும், பார்த்து நட. உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அத்தான் சௌக்கியமா?

நீ சொன்னபடி வீட்டுக்கு எழுதாமல் உன் தையல் கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். உன் ஃபோன் எப்போதும் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கும், யார் கண்ணிலும் படும் என்றாய். சரி, எனக்கும் கடிதம்தான் வசதி. ஃபோன் என்றால் நீ பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய்.

செய்தி இதுதான். உள்தேர்வில் பாஸாகிவிட்டேன்! பதினோரு வருடம் இந்த டைல்ஸ் கம்பெனியில் டீ ஊற்றி, முத்திரை குத்தி, ஆண்கள் பிடித்து வந்த ஆர்டரை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து நானே வெளியே போய் ஆர்டர் பிடிக்கலாம். எங்கள் கிளையில் ஒரு பெண் சேல்ஸுக்குப் போவது இதுதான் முதல் தடவை. ஆனால் ஆறு மாதம் சோதனை. செப்டம்பர் முடியும்போது பிரிவுத் தலைவர் குவபாரா-சான் "சரி" என்று எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி டீ, முத்திரை, அந்தச் சாம்பல் வெஸ்ட்.

இதில் அழ என்ன இருக்கிறது என்பாய். அந்த வெஸ்ட்தான் பிரச்சினை. அலுவலகப் பெண்களுக்குத்தான் சீருடை. சேல்ஸ்காரர்கள் சொந்த உடையில் வர வேண்டும். பதினோரு வருடம் அந்த வெஸ்ட்டைத் திட்டியிருக்கிறேன், ஆனால் அது எல்லாவற்றையும் இறுக்கி அமுக்கி வைத்திருந்தது. இப்போது ஏழு கடை ஏறி இறங்கிவிட்டேன். ஒன்பதாம் எண் கோட்டு தோளில் அளவெடுத்தாற்போல் உட்காருகிறது, பட்டன் மட்டும் போட முடியவில்லை. கடைப் பெண் சொல்கிறாள், "நல்லா மூச்ச உள்ள இழுங்க மேடம், போட்டுடலாம்." "இழுத்த மூச்ச எப்பம்மா விடுறது, செப்டம்பர்லயா?" என்று கேட்டேன். பதின்மூன்றாம் எண்ணில் மார்பு மூடுகிறது, ஆனால் தோள் முழங்கை வரைக்கும் வழிகிறது. அப்பாவின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. வெள்ளைச் சட்டை என்றால் இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே வாய் பிளந்துகொள்கிறது.

குவபாரா-சான் என்னோடு பேசும்போது என் பெயர் அட்டையைப் படிப்பதுபோல நெஞ்சையேதான் பார்ப்பார். பதினோரு வருடமாக அதே பெயர்தான் எழுதியிருக்கிறது. வெளியே வாடிக்கையாளர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்றால் நான் டைல்ஸைப் பற்றி யாரிடம் பேசுவது?

நீ தையல்காரி. ஏதாவது வழி சொல்லு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை மிசாவோ


தகாஓகா, மார்ச் 28

மிசாவோவுக்கு,

உன் கடிதம் வந்தபோது ஒரு கல்யாணப் பெண்ணின் பாவாடையைக் குட்டையாக்கிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். முழங்கால் பரவாயில்லை. அவரும் நன்றாக இருக்கிறார். பனி போய்விட்டது, சேறு போகவில்லை.

பாஸானாயே, என் தங்கமே! அப்பா அம்மா படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

உடைக்கு வருகிறேன். இருபது வருடமாகக் கத்திரி பிடிக்கிறேன், நான் சொல்வதைக் கேள். உன்னை மாதிரி உடம்புக்கு ஒரே வழி மறைப்பதுதான். மார்பிலிருந்து துணி நேராகக் கீழே விழ வேண்டும், இடுப்பைத் தொடவே கூடாது. நிறம் கருநீலம் அல்லது கறுப்பு. பார்சலில் பதினைந்தாம் எண்ணில் ஒரு நீளக் கோட்டும், மேலே சுருக்கம் வைத்துக் கீழே விரியும் மூன்று மேல்சட்டைகளும் வைத்திருக்கிறேன். தோளை மட்டும் கொஞ்சம் உள்ளே எடுத்திருக்கிறேன். கழுத்து வரைக்கும் மூடியிருக்கும். ஸ்கார்ஃப் போட்டுக்கொள். குனிந்து எதையும் எடுக்காதே. அவ்வளவுதான், யாரும் பார்க்க மாட்டார்கள்.

"அழகா இல்லையே" என்று மூஞ்சியைத் தூக்காதே. வேலைக்குப் போகிறாயா, அழகிப் போட்டிக்குப் போகிறாயா?

வேளா வேளைக்குச் சாப்பிடு. மாதிரி டைல்ஸ் பெட்டியெல்லாம் ஒரே கையில் தூக்காதே, இடுப்பு போய்விடும்.

அக்கா இகுயோ


நகோயா, ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

செர்ரி பூத்து உதிர்ந்தும் போயிற்று, நான் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. எனக்கு ஜலதோஷம் வந்து போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

உன் உடைகள் வேலை செய்கின்றன. அழகைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, நீயும் கேட்காதே. கண்ணாடியில் பார்த்தால் பந்தல் நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஆனால் பேசும்போது ஆட்கள் என் கையிலிருக்கும் டைல்ஸைப் பார்க்கிறார்கள். அதுவே பெரிய விஷயம்.

முதல் சொந்த வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். கெரோவில் வெந்நீர் ஊற்றுப் பக்கத்தில் ஒரு பழைய விடுதி. அதன் முதலாளியம்மா ஹசுயிகே-சான் பொதுக் குளியலறை இரண்டையும், அறுபது அறைகளின் குளியலறைகளையும் புதுப்பிக்கப் போகிறார். வயது எழுபது இருக்கும், பேச்சு கத்தி மாதிரி. "உங்க கம்பெனியில இருந்து இதுக்கு முன்னாடி வந்தவனுங்க எல்லாம் ஒரு தடவை கூடக் குளிக்காதவனுங்க போல. விலைய மட்டுந்தான் பேசுறாங்க" என்றார். நான் காலுறையைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நடந்து காட்டினேன், எந்த டைல் வழுக்கும், எது வழுக்காது என்று. சிரித்தார். இது மட்டும் கைக்கு வந்துவிட்டால் செப்டம்பரைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை. நேற்று சுரங்க ரயிலில் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். முப்பத்துநாலு வயதிலேயே கிழவியாகிவிட்டேனா? கால் வலித்தது, உட்கார்ந்துகொண்டேன்.

மிசாவோ


தகாஓகா, மே 15

மிசாவோவுக்கு,

ட்யூலிப் திருவிழாக் கூட்டம் எல்லாம் முடிந்து ஊர் மூச்சு விடுகிறது. நானும் விடுகிறேன். கோடை உடைகளைக் குட்டையாக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

நான் சொன்னேனா இல்லையா? மறைத்தால் உலகம் தன் வேலையைப் பார்க்கும். மெல்லிய துணியில் இன்னும் இரண்டு அனுப்பியிருக்கிறேன், வெயில் காலத்துக்கு. அதே மாதிரிதான், இன்னும் கொஞ்சம் விரிவாக. முகத்தைச் சுளிக்காதே.

ஆகஸ்டில் முன்னோர் வழிபாட்டுக்கு ஊருக்கு வருகிறாயா என்று கேட்கத்தான் நினைத்தேன். புது வேலை, அலைச்சல் அதிகம் இருக்கும். சிரமப்பட்டு வர வேண்டாம். கல்லறையை நான் கழுவிவிடுகிறேன், உன் பெயரைச் சொல்லி ஊதுபத்தியும் வைத்துவிடுகிறேன்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

இகுயோ


நகோயா, ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விடாமல் கொட்டுகிறது. துணி காயாமல் அறை முழுக்க வாடை. நீ நலமா? இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. விடுதி வேலையில் மூழ்கிப் போயிருந்தேன். நான்கு தடவை கெரோ போய் வந்துவிட்டேன்.

வழிபாட்டுக்கு வரவில்லை. நீயே வேண்டாம் என்றுவிட்டாய்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் திடீரென்று நல்ல புத்தி வந்துவிட்டது அக்கா. மாதிரிப் பெட்டியைக் கையில் எடுத்தால் போதும், "ஐயோ இனாமி-சான், நீங்க தூக்காதீங்க, குடுங்க இப்படி" என்று யாராவது பிடுங்கிக்கொள்கிறார்கள். என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்த சுகுதா, "மாடிப்படி ஏறாதீங்க, லிஃப்ட்ல வாங்க" என்கிறான். பதினோரு வருடமாக என் பேனாவை எடுத்துக்கொண்டு திருப்பித் தராதவன்! கணக்குப் பிரிவு மிசோகுச்சி-சான் என் நாற்காலியில் ஒரு போர்வையை மடித்து வைத்துவிட்டு, "ஏசிக் காத்து நேரா வயித்துல அடிக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போன வாரம் விருந்தில் பீரை ஊற்ற வந்தவர்கள் என் கோப்பைக்கு மட்டும் ஊலாங் டீ ஊற்றினார்கள். "எனக்கு ஏன் பீர் இல்ல?" என்றேன். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அதிசயம் குவபாரா-சான்தான். என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். "உடம்பு எப்படி இருக்கு? முடியலன்னா உடனே சொல்லுங்க" என்கிறார். அவருக்கு இடது புருவத்தில் ஒரு மச்சம் இருக்கிறது, எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஏனென்று எனக்குப் புரியவில்லை. ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. கனமாக எதையோ இறக்கி வைத்தாற்போல.

உன் முழங்காலை மழையில் நனைக்காதே.

மிசாவோ


தகாஓகா, ஜூலை 14

மிசாவோவுக்கு,

இங்கேயும் மழை. காளான் போட்ட சாதம் செய்து சாப்பிட்டேன், உன் நினைவு வந்தது. உடம்பு சுகம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கென்னவோ மனது சரியில்லை. பீர் ஊற்றவில்லை, பெட்டி தூக்க விடவில்லை, வயிற்றில் காற்றுப் படக் கூடாது என்கிறார்கள். அடியே, உனக்கு ஏதாவது நோய் என்று நினைத்துக்கொண்டார்களா? இல்லை, உனக்கே ஏதாவது நோய் வந்து என்னிடம் சொல்லாமல் இருக்கிறாயா? உண்மையைச் சொல்லு. நேராகக் கேட்டுவிடு அவர்களை.

உடனே பதில் போடு.

இகுயோ


நகோயா, ஆகஸ்ட் 22

அக்காவுக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்கு எந்த நோயும் இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஐந்து வாரமாகப் பதில் போடாதது வேண்டுமென்றேதான். எழுதினால் உண்மையை எழுத வேண்டியிருக்கும், அதனால்தான்.

உன் கடிதம் வந்த அடுத்த வாரம், காலையில் போனபோது என் மேசையில் ஒரு சின்ன வெள்ளைக் காகிதப் பை இருந்தது. பெயர் இல்லை. உள்ளே சிவப்புப் பட்டில் ஒரு தாயத்து, கோவிலில் விற்பது. எடுத்துப் பார்த்தேன். சுகப்பிரசவத் தாயத்து.

ஆமாம் அக்கா. உன் தங்கை கர்ப்பம். கல்யாணமாகவில்லை, ஆளும் இல்லை, ஆனால் கர்ப்பம். அலுவலகம் முழுக்க முடிவு செய்துவிட்டது. யாரும் கேட்க மாட்டார்கள். போன வருடம்தான் "பெண் ஊழியர்களின் சொந்த விஷயத்தைக் கேட்கக் கூடாது" என்று ஒரு வக்கீலை வைத்து எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார்கள். அதோடு கல்யாணமாகாதவள் வேறு. அதனால் நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டு போர்வையும் ஊலாங் டீயும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அன்றைக்கே நான் சிரித்துக்கொண்டு, "யாருங்க இத வெச்சது? நான் குண்டாத்தான் இருக்கேன், கர்ப்பம் இல்ல" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாயத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். ஒரு மாதமாகப் பூட்டியே வைத்திருக்கிறேன். ஏன் தெரியுமா? முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள் அக்கா! என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றால்தான் எனக்கு முகம் இருப்பது இவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அதை விட மனசு வரவில்லை. பொய் என்று தெரிந்தும், கோட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் போட்டுக்கொண்டு போனேன்.

அதற்குக் கூலி நேற்றுக் கிடைத்தது. குவபாரா-சான் தனியறைக்குக் கூப்பிட்டார். உட்காரக் குஷன் போட்டார். "கெரோ ரொம்பத் தூரம், மலைப் பாதை வேற. ஹசுயிகே-சான் விடுதிய இனிமே சுகுதா பாத்துக்கட்டும். உங்க உடம்புதான் முக்கியம். செப்டம்பர் விஷயத்தையும் அவசரப்பட வேண்டாம், திரும்பி வந்தப்புறம் நிதானமாப் பேசிக்கலாம்" என்றார். எங்கிருந்து திரும்பி வருவது? நான் எங்கேயும் போகவில்லையே! நான்கு மாத உழைப்பு. ஒவ்வொரு டைலையும் கையில் எடுத்துப் போய்க் காட்டிய வேலை. "சரிங்க" என்று தலை குனிந்துவிட்டு வந்தேன். கழிவறையில் போய் அழுதேன்.

உன் மேலும் கோபம் இருக்கிறது. உன் பந்தல் சட்டைகள்தான் இதைச் செய்தன. பதினைந்தாம் எண், மேலே சுருக்கம், கீழே விரிவு. கர்ப்பிணிகள் கடையில் போய்ப் பார்த்தேன், உன் சட்டை அங்கே அப்படியே தொங்குகிறது. நீ தையல்காரி, இது உனக்குத் தெரியாதா? ஊரெல்லாம் வந்து உன்னிடம் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டு போகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் எப்போதும் மூடு, மறை, தளர்த்து? இருபத்துமூன்று வயதிலிருந்து இதையேதான் அனுப்புகிறாய். ஏன் அக்கா?

மிசாவோ


தகாஓகா, செப்டம்பர் 12

மிசாவோவுக்கு,

வெயில் குறைந்து சாயங்காலத்தில் பூச்சிகள் கத்த ஆரம்பித்துவிட்டன. நான் சுகம் என்று எழுதினால் பொய். மூன்று வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது, இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அது கர்ப்பிணிச் சட்டை மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தைத்தேன். அப்படியிருந்தால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்றுதான்.

ஏன் என்று கேட்டாய். நீ வேலைக்குச் சேர்ந்த வருடம், புத்தாண்டுக்கு வந்திருந்தாய். அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாய். அவரும் அவருடைய அண்ணன் தம்பிகளும் குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ தட்டை வைக்கக் குனிந்தபோது அவர் உன்னைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் இளையவளுக்கே அள்ளிக் குடுத்துட்டாங்க போல, எனக்கு வந்தது பலகைதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மிசாவோ. நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் உள்ளே போய், உனக்கு என் பெரிய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து போர்த்திவிட்டேன். குளிருகிறதென்று சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதே எனக்கு வேலை. அவரை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. உனக்குத் துணி அனுப்புவது சுலபமாக இருந்தது. தப்பு செய்தவரை வீட்டில் நன்றாகச் சாப்பிட வைத்துவிட்டு, உன்னை மூட்டை கட்டினேன். நீ புத்தாண்டுக்கு வராமல் போனபோது வருத்தப்பட வேண்டியவள், "அப்பாடா" என்றேன். உன் கடிதங்கள் கடைக்கு வருவதும் அதனால்தான். உன் பெயரை அவர் எடுப்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

பொறாமையும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஒரேயடியாகப் போகட்டும்.

இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் உன் அளவைக் கேட்டதில்லை, கவனித்தாயா? ஊர்ப் பெண்களுக்கெல்லாம் டேப் வைத்து அளப்பவள், உனக்குக் குத்துமதிப்பாகத் தைத்தேன். இப்போது கேட்கிறேன். நல்ல உள்ளாடைக் கடைக்குப் போ. முதலில் சரியான உள்ளாடை வாங்கு. பழையதன் பட்டை முதுகில் மேலே ஏறியிருக்கும், அதோடு எந்தக் கோட்டும் உட்காராது. புதியதைப் போட்டுக்கொண்டு அளவெடுக்கச் சொல். மார்பு, மார்புக்குக் கீழே, இடுப்பு, தோள், தோளிலிருந்து மார்பின் உச்சி வரை, உச்சிக்கு உச்சி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உடனே அனுப்பு. மாதக் கடைசிக்கு முன்னால் தைத்து அனுப்புகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அளவை மட்டும் அனுப்பு.

இகுயோ


நகோயா, செப்டம்பர் 15

அக்காவுக்கு,

உடம்பு சரியாக இருக்கிறது. நீ சாப்பிடு, முதலில் அதைச் செய்.

மார்பு 95 சென்டிமீட்டர். மார்புக்குக் கீழே 70. இடுப்பு 66. தோள் 38. தோளிலிருந்து உச்சி 27. உச்சிக்கு உச்சி 19. அளந்த பெண், "இத்தன வருஷமா ரெண்டு அளவு சின்னதாப் போட்டிருக்கீங்க, வலிக்கலையா?" என்று கேட்டாள். வலித்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தப் புத்தாண்டுப் பேச்சு என் காதிலும் விழுந்தது. நீ சிரித்ததும் விழுந்தது. அதற்காக நான் வராமல் இருக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால், கடைசியாக வந்தபோது, குளித்துவிட்டு வருகிறேன், அத்தான் நடையில் நின்றுகொண்டு வழி விடவில்லை. ஒன்றும் செய்யவில்லை. நின்றார், பார்த்தார், சிரித்தார். நான் சுவரோடு ஒட்டி நழுவி வந்தேன். மறுநாள் காலை ரயிலில் கிளம்பினேன், அலுவலகத்தில் அவசரம் என்று உன்னிடம் சொன்னேன்.

உனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. உன் குடும்பத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று. எனக்குத் தெரியாது என்று நீ நினைத்தாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனுஷனை எவ்வளவு சௌகரியமாக வைத்திருந்திருக்கிறோம் பார்!

கோபம் போகவில்லை. ஆனால் அளவு சரியாக எடுத்திருக்கிறேன்.

மிசாவோ


தகாஓகா, செப்டம்பர் 21

மிசாவோவுக்கு,

நடையில் நடந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே. வேறெதுவும் எழுத முடியவில்லை, தைத்ததைப் பற்றி எழுதுகிறேன்.

கோட்டு ஆழ்ந்த பச்சை. கறுப்பு இல்லை. மார்புக்குப் பதின்மூன்றாம் எண், தோளுக்கு ஒன்பது. கடையில் இரண்டும் ஒரே கோட்டில் கிடைக்காது, அதனால் புதுத் துணி எடுத்து முதலிலிருந்து வெட்டினேன். தோளில் ஆரம்பித்து மார்பின் உச்சி வழியாக இடுப்புக்கு ஒரு தையல் போகிறது. துணி மேலே ஏறி, மறுபடி உள்ளே இறங்கி வருவது அந்தத் தையலால்தான். இடுப்பு இருக்கும் இடத்தில் இடுப்பு தெரியும், வயிறு இல்லை என்பதும் தெரியும். பட்டன் ஒன்றே ஒன்று, மார்புக்குக் கீழே. அதனால் இழுக்காது. கழுத்து V மாதிரி இறங்கும், அளவோடு. ஸ்கார்ஃபைத் தூக்கிப் போடு. உள்ளே போட மொத்தமான பின்னல் துணியில் இரண்டு மேல்சட்டை, பட்டனே கிடையாது, வாய் பிளக்க வழியில்லை. வெள்ளைச் சட்டையும் ஒன்று தைத்தேன். இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உள்பக்கம் ஒரு ப்ரெஸ் பட்டன் இருக்கிறது, வெளியே தெரியாது.

நிமிர்ந்து நின்றால்தான் உட்காரும். கூன் போட்டால் முதுகில் சுருக்கம் விழும். கூன் போடவும் நான்தான் உனக்குக் கற்றுக் கொடுத்திருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இகுயோ


நகோயா, அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

காற்றில் ஒஸ்மாந்தஸ் பூ மணக்கிறது. நீ நலமா? நான் நலம்.

காலைக் கூட்டத்தில் தினம் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் நின்று மூன்று நிமிடம் பேச வேண்டும். செய்தித்தாளில் படித்தது, வளர்க்கும் நாய், உடற்பயிற்சி என்று எதையாவது. வரிசைப்படி என் முறை இருபத்தாறாம் தேதி வந்தது. பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததுமே மிசோகுச்சி-சான் என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளை போய்விட்டது என்று நினைத்திருக்கிறார்! அவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. இனி ஒரு நிமிடம்கூடத் தள்ளக் கூடாது என்று தோன்றியது.

முன்னால் போய் நின்றேன். தாயத்தைத் தூக்கிக் காட்டினேன். "எல்லாருக்கும் வணக்கம். இத எனக்காகக் கோவிலுக்குப் போய் வாங்கிட்டு வந்தவங்களுக்கு ரொம்ப நன்றி. ஆனா நான் கர்ப்பமா இல்ல. எப்பவும் இருந்ததில்ல. எனக்கு மார்பு பெருசு. கடையில விக்கிற கோட்டு எனக்குச் சேராது. அதனால பெரிய சட்டையா போட்டுட்டு வந்தேன், நீங்க தப்பா நெனச்சிட்டீங்க. ரெண்டு மாசம் முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நீங்க காட்டுன அன்பு நல்லா இருந்ததால சும்மா இருந்துட்டேன். அது என் தப்பு. மன்னிச்சிடுங்க" என்று இடுப்பு வரை குனிந்தேன்.

அக்கா, நாற்பது பேரும் தாயத்தையே பார்த்தார்கள்.

நிமிர்ந்து, "இன்னும் ஒண்ணு. என் உடம்புக்காகன்னு கெரோ விடுதிய என்கிட்டேருந்து எடுத்துட்டீங்க. என் உடம்பு நல்லா இருக்கு. விடுதியத் திருப்பிக் குடுங்க" என்றேன். குவபாரா-சான் காதெல்லாம் சிவந்து, "நாங்க... உங்க நல்லதுக்குத்தான..." என்றார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டா தப்பாயிடுமே!" என்று பாவமாகச் சொன்னார். யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். மிசோகுச்சி-சான் சிரித்துக்கொண்டே அழுதார். தாயத்து அவருடையதுதான்.

சுகுதா விடுதி ஃபைலை அங்கேயே என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். "தயவுசெஞ்சு எடுத்துக்கோங்க. அந்தம்மா என்னை ஈரத் தரையில நடக்கச் சொல்றாங்க, ரெண்டு தடவ விழுந்துட்டேன்" என்றான்.

நான் பயந்ததும் நடந்தது. மத்தியானமே எல்லாக் கண்ணும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. பீரும் திரும்பி வந்தது, பெட்டியை நானேதான் தூக்குகிறேன். நேற்று முடிவு சொல்லக் கூப்பிட்டார் குவபாரா-சான். குஷன் இல்லை. காகிதத்தைப் புரட்டிக்கொண்டே என் நெஞ்சைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இந்தத் தடவை நான் கோட்டை இழுத்து மூடவில்லை. "குவபாரா-சான், நான் இங்க மேல இருக்கேன்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் தலையைத் தூக்கினார். தூக்கிய பார்வையை இறக்காமல் மீதியைச் சொல்லி முடித்தார், பாவம், கழுத்து வலித்திருக்கும்.

நிரந்தரம் அக்கா. சேல்ஸ் பிரிவு, இனாமி மிசாவோ. திங்கட்கிழமை கெரோ போகிறேன்.

பந்தல் சட்டைகளைத் துவைத்து மடித்து, நிஜமாகவே கர்ப்பமாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். ரொம்பப் பிடித்திருக்கிறதாம். உன் தையல் அருமை என்கிறாள்.

தங்கை மிசாவோ


தகாஓகா, அக்டோபர் 9

என் மிசாவோவுக்கு,

மலை உச்சியில் இலைகள் சிவக்க ஆரம்பித்துவிட்டன. உடம்பு சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். படித்து முடித்ததும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து சத்தமாகப் படித்தேன். "யாரு எழுதுனது?" என்றார். "என் தங்கச்சி. நீங்க நடையில வழி மறிச்சு நின்னீங்களே, அவதான்" என்றேன். சாப்ஸ்டிக்ஸைக் கீழே வைத்தார். "அது சும்மா ஒரு வெளையாட்டு" என்றார். "எனக்கு வெளையாட்டா இல்ல. பதினோரு வருஷமா இல்ல" என்றேன். அப்புறம் நான் நிறையப் பேசினேன், அதெல்லாம் கடிதத்தில் எழுதுகிற மாதிரி இல்லை. அவர் எழுந்து போகப் பார்த்தார். "உக்காருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றேன். உட்கார்ந்தார்.

என் வீட்டில் இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என் கவலை. உன் கவலையாக அதை இத்தனை வருடம் தைத்துத் தைத்து அனுப்பினேன், இனிமேல் அனுப்ப மாட்டேன்.

இனி வீட்டு விலாசத்துக்கே எழுது. புத்தாண்டுக்கு வா. எதைப் போட்டுக்கொண்டு வருவதென்று என்னைக் கேட்காதே.

அக்கா